கண்காட்சிக்கு முன்: பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் துலக்கும் முறை

கண்காட்சிக்காக ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை முதன்முறையாகத் தயார் செய்பவர், பெரும்பாலும் பாலிஷ் டப்பாவைத்தான் முதலில் கையில் எடுக்கிறார். அது ஏறக்குறைய கடைசியில் வர வேண்டிய பொருள். சில கார்களுக்கு வரவே தேவையில்லாத பொருள். ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் பூசப்பட்ட பெயின்டைத் தேய்த்து எடுத்துவிட்டால், அதே பெயின்டை மறுபடி அந்தத் தகட்டில் கொண்டுவர எவராலும் முடியாது. புதிதாகப் பூசலாம், ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்த பூச்சு போனது போனதுதான். ஆகவே அழுக்கை எடுக்க வேண்டும், அதற்கு அடியில் இருப்பதைத் தொடக்கூடாது என்ற ஒரே கவனத்தோடுதான் ஒவ்வொரு படியையும் செய்ய வேண்டும். கீழே உள்ள வரிசை அந்தக் கவனத்தை வைத்தே அமைக்கப்பட்டுள்ளது.

வேலையைத் தொடங்கும் முன் கண்காட்சியின் விதிமுறைகளை ஒருமுறை படித்துவிடுங்கள். பார்வைக்கு மட்டும் கார்களை நிறுத்தும் கண்காட்சிகள் உண்டு. நடுவர்கள் தாளும் பேனாவுமாக வந்து மதிப்பெண் இடும் கண்காட்சிகளும் உண்டு. பின்னதில் சுத்தத்துக்கு மட்டுமல்லாமல், கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருக்கிறதா என்பதற்கும் மதிப்பெண் தரப்படுவது வழக்கம். 1966-இல் தொடங்கப்பட்ட ஃபீவா என்னும் பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பும், புதிது போல மாற்றுவதைவிட உள்ளதைக் காப்பாற்றுவதையே வலியுறுத்தி வருகிறது. மீட்டெடுக்கப்படாத, பழைய பூச்சோடு இருக்கும் கார்களுக்கெனத் தனிப் பிரிவு வைத்திருக்கும் போட்டிகளும் இருக்கின்றன. உங்கள் கார் அந்தப் பிரிவில் நிற்கப் போகிறதென்றால், கீழே சொல்லப்படும் தேய்ப்பு வேலைகளில் பாதியைச் செய்யவே வேண்டாம்.

பெயின்டை அடையாளம் காணுதல்

இன்றைய கார்களில் நிறப் பூச்சின் மேல் நிறமில்லாத கிளியர் கோட் ஒன்று இருக்கிறது. நாம் தேய்ப்பதெல்லாம் அந்தக் கிளியர் கோட்டைத்தான். இந்த முறை 1980-களில்தான் பரவலானது. அதற்கு முந்தைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் லேக்கர், எனாமல் என்னும் பழைய பெயின்ட் வகைகளில் ஒன்று பூசப்பட்டவை. அவற்றில் நிறமும் பளபளப்பும் ஒரே படலத்தில் இருக்கும். அதைத் தேய்த்தால் நிறமே தேயும்.

எது என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. கண்ணில் படாத ஓர் இடத்தில், உதாரணமாகக் கதவின் உள்விளிம்பில், வெள்ளைத் துணியில் மிக மென்மையான பாலிஷைத் துளி எடுத்து மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் இறங்கினால் அது ஒற்றைப் பூச்சு. நான் முதலில் கை வைத்த சிவப்புக் காரில் நான்கே தேய்ப்பில் துணி குங்குமத்தைத் தொட்டது போல ஆகிவிட்டது. பெயின்ட் உரிந்துவிட்டதோ என்று பதறிப்போனேன். உண்மையில் வெயிலிலும் காற்றிலும் வெளிறிச் செத்துப்போன மேல்படலம்தான் அப்படி முதலில் வரும்; ஒற்றைப் பூச்சில் அது இயல்பு. ஆனாலும், தேய்க்கத் தேய்க்க வந்துகொண்டே இருக்கும் அந்த நிறத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது என்பதை அந்தத் துணி எனக்குக் கண்முன்னே காட்டியது. துணியில் நிறம் இறங்கவில்லை என்றால், அது கிளியர் கோட் போட்டு பிற்காலத்தில் மறுபூச்சு செய்யப்பட்ட காராக இருக்கலாம்.

எந்த அளவுக்கு மெல்லிய பொருளைக் கையாள்கிறோம் என்பதை எண்களில் சொல்வதானால், தொழிற்சாலைப் பூச்சின் மொத்தத் தடிமன் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரைதான் இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். பெயின்டின் தடிமனை அளக்கும் கருவி ஒன்று இருந்தால், ஒவ்வொரு தகட்டிலும் ஐந்தாறு இடங்களில் அளந்து ஒரு தாளில் குறித்துவையுங்கள். ஓரிடத்தில் எண் திடீரென்று பல நூறு மைக்ரானுக்கு ஏறினால், அங்கே டிங்கரிங் செய்து பட்டி பூசியிருக்கிறார்கள் என்று பொருள். எண் எதிர்பாராத அளவுக்குக் குறைந்தால், முன்பு யாரோ அளவுக்கு மீறித் தேய்த்திருக்கிறார்கள். அந்த இடத்தில் நீங்கள் பாலிஷ் போடக்கூடாது. 1953-இலிருந்து கண்ணாடியிழை உடலோடு வரும் கார்வெட், 1960-களின் லோட்டஸ் ஈலான் போன்ற கார்களில் சாதாரண அளவுகருவி வேலை செய்யாது. அது அடியில் உலோகம் இருந்தால்தான் அளக்கும். அவற்றுக்கு மீயொலியால் அளக்கும் கருவி வேண்டும்.

பூச்சில் சிலந்தி வலை போன்ற நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால், கழுவுவதோடும் மெழுகோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். வெடிப்புக்குள் பாலிஷ் புகுந்து வெள்ளையாக உறைந்துவிட்டால் அதை எடுப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். லேக்கர் பூசிய காரில் தின்னரோ, வீரியமான ஆல்கஹாலோ படவே கூடாது. எத்தனை ஆண்டு ஆனாலும் அது கரைப்பானில் மறுபடி இளகும் தன்மை உடையது.

காலத்தைப் பங்கிட்டுக்கொள்ளுதல்

எல்லா வேலையையும் கண்காட்சிக்கு முந்தின நாளுக்கு வைத்துக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு என்பது என் கருத்து. அவசரத்தில்தான் கை தவறுகிறது. பாலிஷ் வேலையை மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே முடித்துவிடுங்கள். எஞ்சின் அறையும் அடிப்பாகமும் இரண்டு வாரங்களுக்கு முன், உட்புறமும் குரோமும் ஒரு வாரத்துக்கு முன் என்று வைத்துக்கொண்டால், கடைசி இரண்டு நாட்களுக்குக் கழுவுதலும் ஒரு பூச்சு மெழுகும் கண்ணாடியும் மட்டுமே மிஞ்சும். ஏதாவது உடைந்தாலோ ஒரு பாகம் வாங்க வேண்டியிருந்தாலோ அதற்கும் அவகாசம் இருக்கும்.

கையில் மோதிரம், கைக்கடிகாரம், இடுப்பில் பெல்ட் ஆகியவற்றைக் கழற்றிவிட்டே காரை நெருங்குங்கள். மட்கார்டின் மேல் சாய்ந்து வேலை செய்யும்போது பெல்ட் பக்கிள் போடும் கோட்டை எந்த மெழுகும் மறைக்காது.

கழுவுதல்

பெயின்டில் தெரியும் வட்ட வட்டமான நுண்கீறல்களில் பெரும்பகுதி, கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்தவையே. ஒரு மணல் துகள் துணிக்கும் பெயின்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டால், அந்தத் துணி அத்தனை நேரமும் உப்புத்தாளாக வேலை செய்கிறது. இதனால்தான் கழுவும் கட்டத்துக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுக்கச் சொல்கிறேன்.

நிழலில், தகடு தொட்டால் குளிர்ந்திருக்கும் நேரத்தில் தொடங்குங்கள். முதலில் சக்கரங்களைக் கழுவிவிட வேண்டும். அவற்றின் கரி உடலின் மேல் தெறித்தாலும் பிறகு போய்விடும். சக்கரத்துக்குத் தனி வாளி, தனித் துணி, தனி பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். அவை ஒருபோதும் உடலைத் தொடக்கூடாது.

பழைய காரின் பிரேக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்காலத்து பிரேக் லைனிங்குகளிலும் கிளட்ச் தகடுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. சக்கரத்திலும் பிரேக் டிரம்முக்குள்ளும் படிந்த தூசியை ஏர் கம்பிரசரால் ஊதவோ, உலர்ந்த பிரஷால் தட்டவோ கூடாது. ஈரமாக்கி, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை மூடிய பைக்குள் போட்டு அப்புறப்படுத்துங்கள். முகக்கவசம் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

சக்கரம் எதனால் ஆனது என்பதும் முக்கியம். 1960-களின் பந்தயக் கார்களில் வந்த மெக்னீசியச் சக்கரங்கள் அமிலம் பட்டால் அரித்துப்போகும். போர்ஷே 911-இல் வந்த புகழ்பெற்ற ஃபுக்ஸ் சக்கரங்கள் ஆனோடைஸ் செய்யப்பட்டவை, அதாவது உலோகத்தின் மேல் மின்வேதி முறையில் ஒரு காப்புப் படலம் உருவாக்கப்பட்டவை. அவற்றின் மேல் உலோக பாலிஷைத் தேய்த்தால் அந்தக் காப்புப் படலமே போய்விடும். எதற்கும் தீங்கு செய்யாத ஒரே பொருள், அமிலமோ காரமோ இல்லாத கார் ஷாம்பு கலந்த நீர்தான். அதோடு பொறுமையும் வேண்டும். ஸ்போக் சக்கரங்களுக்கு அந்தப் பொறுமை இரட்டிப்பாக வேண்டும். எம்ஜிபி காரின் ஒரு ஸ்போக் சக்கரத்தில் 60 கம்பிகள். நான்குக்கும் சேர்த்து 240. இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்த துணியைக் கம்பிக்குப் பின்னால் கோத்து, இரு முனையையும் பிடித்து, ஷூவுக்கு பாலிஷ் போடுவது போல முன்னும் பின்னும் இழுங்கள். கம்பி ரிம்மில் சேரும் முனையில்தான் துரு தொடங்கும். அங்கே பழைய பல் துலக்கும் பிரஷை விட்டு எடுங்கள். சக்கரம் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் ஆனால் வியப்படைய வேண்டாம்.

உடலைக் கழுவ இரண்டு வாளிகள் வேண்டும். ஒன்றில் ஷாம்பு நீர், மற்றொன்றில் வெறும் நீர். இரண்டின் அடியிலும் ஒரு சல்லடைத் தட்டு இருந்தால், அலசும்போது இறங்கும் மணல் மறுபடி மேலே வராது. முதலில் கையால் தொடாமல், மெதுவாக ஓடும் நீரால் மேலிருந்து கீழாக நனைத்து, வருவதையெல்லாம் வரவிடுங்கள். பிறகு மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பு நீரில் முக்கி, கூரையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி, நேர்கோட்டில், அழுத்தாமல் இழுங்கள். ஒரு தகடு முடிந்ததும் வெறும் நீரில் கையுறையை அலசிப் பிழிந்துவிட்டே மறுபடி ஷாம்பு வாளிக்கு வர வேண்டும். கதவின் கீழ்ப்பகுதியும் பம்பருக்கு அடிப்பகுதியும் கடைசியில். அதற்கு வேறொரு கையுறை. பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். அது இருக்கும் மெழுகையும் எடுத்துவிட்டு ரப்பரையும் உலர்த்திவிடும்.

பவர் வாஷரைப் பழைய காரில் நான் பயன்படுத்துவதில்லை. ஐம்பது ஆண்டு ரப்பர் பீடிங் அந்த அழுத்தத்தைத் தாங்காது. கதவுக்குள்ளும் விளக்குக்குள்ளும் நீர் புகும்; பட்டி பூசிய விளிம்பில் பெயின்ட் பெயர்ந்தே வந்துவிடக்கூடும். கேன்வாஸ் மேற்கூரை உள்ள காராக இருந்தால் தையல் வழியாக நீர் இருக்கையில் இறங்கும்.

கழுவி முடித்ததும் துடைப்பதைவிட ஒற்றி எடுப்பது நல்லது. பெரிய மைக்ரோஃபைபர் துண்டை பானெட்டின் மேல் விரித்து, உள்ளங்கையால் தட்டி, தூக்கி எடுங்கள். அடுத்தது ஒளிந்திருக்கும் நீர். ஜாகுவார் ஈ-டைப் காரின் நீண்ட பானெட்டில் காற்றுப் பிளவுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பிளவின் கீழ் உதட்டிலும் ஒரு நீர்க்கோடு தங்கி, நீங்கள் துடைத்துவிட்டு நகர்ந்த கால் மணி நேரத்தில் ஒரே சொட்டாக இறங்கி, உலர்ந்த தகட்டில் வெள்ளைத் தடம் போடும். கதவுக் கைப்பிடி, கண்ணாடித் தண்டு, எழுத்துச் சின்னங்கள் எல்லாவற்றிலும் இதே கதைதான். காற்றூதியால் இவற்றை ஊதி வெளியேற்றுங்கள். கதவின் அடிவிளிம்பில் நீர் வடிய விடப்பட்டிருக்கும் சிறு துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அடைபட்ட துளைதான் கதவுத் துருவின் தாய். இறுதியாக, வசதி இருந்தால் காரைச் சிறிது தூரம் ஓட்டி, பிரேக்கை நான்கைந்து முறை மெதுவாக அழுத்தி உலர்த்திவிட்டு நிறுத்துங்கள்.

ஒட்டியிருக்கும் நுண்துகள்களை எடுத்தல்

கழுவிய பின்னும் பெயின்டில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று அறிய, கையில் ஒரு மெல்லிய பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு தகட்டின் மேல் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள் இருக்கும் விரலுக்குத் தெளிவாகத் தெரியும். அது தெரிந்தால் கிளே பார் எனப்படும் களிமண் கட்டி தேவை. தகட்டில் வழுக்குத் திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, உள்ளங்கை அளவுக்குத் தட்டையாக்கிய கிளேயை எடையே இல்லாதது போல நகர்த்துங்கள். சரசரவென்ற ஒலி அடங்கி வழுக்கத் தொடங்கினால் அந்த இடம் முடிந்தது. அடிக்கடி மடித்துப் புதுப்பக்கத்தைத் திருப்புங்கள். கிளே தரையில் விழுந்தால், எவ்வளவு புதியதாக இருந்தாலும் குப்பைக்குத்தான் போக வேண்டும். வெடிப்பு விட்ட பூச்சில் கிளே பயன்படுத்த வேண்டாம்.

பாலிஷ்: எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது

பாலிஷ் என்பது நுண்ணிய தேய்ப்புப் பொருள். கீறலைச் சுற்றியுள்ள பெயின்டைக் கீறலின் ஆழத்துக்கு இறக்கினால்தான் கீறல் மறையும். ஆகவே ஒவ்வொரு கீறலைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இது ஒரு மீட்டர் தூரத்திலிருந்து தெரிகிறதா? நகத்தால் குறுக்கே இழுத்தால் நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கீறலை முழுதாக எடுக்க முயல வேண்டாம். அதன் ஓரங்களை மழுக்கினாலே கண்ணுக்குப் பாதியாகிவிடும்.

முதலில் ஒரு சோதனைச் சதுரம். பானெட்டில் ஒரு முழ நீள அகலத்தில், கையிலுள்ளவற்றில் மிக மென்மையான பாலிஷையும் மிக மென்மையான பேடையும் வைத்துச் செய்து பாருங்கள். அதுவே போதுமானதாக இருந்தால் காரின் மீதியிலும் அதே. போதவில்லை என்றால் மட்டும் ஒரு படி ஏறுங்கள். கடையில் கிடைக்கும் கரடுமுரடான ரப்பிங் காம்பவுண்டிலிருந்து தொடங்கி மென்மைக்கு இறங்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. புதிதாகப் பூசிய தடித்த பெயின்டுக்கு அது பொருந்தலாம், பழைய பூச்சுக்குப் பொருந்தாது.

இயந்திரம் பயன்படுத்துவதானால், சுழன்றுகொண்டே ஊசலாடும் டூயல் ஆக்‌ஷன் வகையையே வாங்குங்கள். ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் ரோட்டரி வகை தேர்ந்தவர் கையில் அருமையான கருவி. புதியவர் கையில் பெயின்டை எரிக்கும் கருவி. நான் ரோட்டரியைக் கற்றுக்கொண்ட நாட்களில், ஒரு மட்கார்டின் மேல் ஓடும் கூர்மையான மடிப்பில் இரண்டே நொடி அதிகம் நின்றேன். பச்சை நிறத்துக்கு நடுவே விரல் நீளத்துக்குச் சாம்பல் நிற பிரைமர் தெரிந்தது. அந்த மட்கார்டு முழுவதையும் மறுபூச்சு செய்ய வேண்டியதாயிற்று. அதுவரை அந்தக் கார் முழுவதும் தொழிற்சாலைப் பூச்சோடு இருந்த கார். விளிம்பிலும் மடிப்பிலும் பெயின்ட் எப்போதும் மற்ற இடங்களைவிட மெலிந்திருக்கும். இயந்திரத்தின் அழுத்தமோ அங்கேதான் குவியும். அதனால் எல்லா மடிப்புகளையும் ஓரங்களையும் எளிதில் உரியும் பேப்பர் டேப்பால் மூடிவிட்டே இயந்திரத்தை எடுங்கள். அந்த ஓரங்களைக் கையால், இரண்டு மூன்று தேய்ப்போடு முடித்துக்கொள்ளலாம்.

ஒரு பகுதியை முடித்ததும் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, சூடு கூடாது. கண்ணாடியிழை உடலில் சூடு உலோகத்தில் போலப் பரவிப் போகாமல் அங்கேயே தங்கும் என்பதால் இன்னும் குறைந்த நேரம் நில்லுங்கள். மெட்டாலிக் நிறத்தில் ஒற்றைப் பூச்சு இருந்தால், அதில் கலந்துள்ள அலுமினியத் துகள்கள் மேற்பரப்பிலேயே இருக்கும்; அதிகம் தேய்த்தால் நிறம் திட்டுத் திட்டாக மாறும். அப்படிப்பட்ட காரை நான் கையால் மட்டுமே தொடுவேன்.

சுண்ணாம்பு படிந்தது போல வெளிறிப்போன ஒற்றைப் பூச்சுக்கு வேறொரு வழி இருக்கிறது. தேய்ப்புப் பொருள் ஏறக்குறைய இல்லாத, எண்ணெய்ச் சத்து மிகுந்த கிளேஸ் வகைகளைக் கெட்டியாகத் தடவி, ஓர் இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் மென்மையான துணியால் எடுத்துவிடுங்கள். வெளிறிய படலம் எண்ணெயை உறிஞ்சி நிறம் ஆழமாகத் திரும்புவதைப் பல கார்களில் பார்த்திருக்கிறேன். இதற்குப் பிறகும் பாலிஷ் தேவைப்பட்டால், அது மிகக் குறைவாகவே தேவைப்படும்.

மெழுகு

இன்று செராமிக் பூச்சுகள் பிரபலம். ஆனால் பழைய ஒற்றைப் பூச்சுக்கு என் விருப்பம் கார்னோபா மெழுகுதான். பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையில் படியும் மெழுகு இது. தூய நிலையில் 82 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உருகும். சிவப்பு, அடர்பச்சை, கறுப்பு நிறங்களுக்கு இது தரும் கனிந்த ஆழத்தை வேறெதிலும் நான் காணவில்லை. அடுத்த ஆண்டு மனம் மாறினால் எடுத்துவிடவும் முடியும். செராமிக்கை எடுக்க மறுபடி தேய்க்கத்தான் வேண்டும்.

மெழுகைக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்கு மெல்லியதாகப் பூச வேண்டும். கெட்டியாகப் பூசினால் பளபளப்பு கூடாது, துடைக்கும் வேலைதான் கூடும். விரலால் கோடிழுத்துப் பார்த்துச் சுத்தமாக வந்தால் துடைக்கும் நேரம் வந்துவிட்டது. மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்தால் எட்டுப் பக்கங்கள் கிடைக்கும்; ஒரு தகட்டுக்கு ஒரு பக்கம் என்று திருப்பிக்கொண்டே போங்கள். இரண்டாம் பூச்சு வேண்டுமானால் அரை நாளாவது இடைவெளி விடுங்கள்.

சின்னங்களின் எழுத்துகளைச் சுற்றியும் தகடுகளின் இடுக்கிலும் தங்கும் வெள்ளை மெழுகுதான் புதியவரின் வேலையைக் காட்டிக்கொடுக்கும் முதல் அடையாளம். பல் குத்தும் மரக்குச்சியின் முனையில் துணியைச் சுற்றி, சிறிது நீர் தொட்டு, ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் பின்தொடர்ந்து எடுங்கள்.

குரோம், ரப்பர், கண்ணாடி

பம்பரில் கண்ணுக்குத் தெரியும் குரோமியம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான படலம். பளபளப்பையும் பாதுகாப்பையும் உண்மையில் தருவது அதன் அடியிலிருக்கும் நிக்கல். கரடுமுரடான மெட்டல் பாலிஷ் அந்தப் படலத்தைத் தேய்த்துவிட்டால் மஞ்சள் சாயல் வெளிப்படும். துருப்புள்ளிகள் இருந்தால் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, நீரில் நனைத்து மென்மையாகத் தேய்த்துப் பாருங்கள். அலுமினியம் குரோமியத்தைவிட மிருதுவானது என்பதால் கீறாது, துரு மட்டும் வரும். துடைத்து உலர்த்திய பின் குரோமுக்கும் ஒரு பூச்சு மெழுகு போடுங்கள்.

ரப்பர் பீடிங்குகளுக்கும் டயரின் பக்கவாட்டுக்கும் எண்ணெய் வழியும் பளபளப்புத் திரவங்கள் வேண்டாம். புதிய டயர் மினுமினுப்பதில்லை. மங்கலான கறுப்பே சரியான தோற்றம். நீரை ஆதாரமாகக் கொண்ட மேட் வகையைத் துணியில் எடுத்துத் தடவி, மீதியைத் துடைத்துவிடுங்கள். தரையில் படும் பகுதியில் அது ஒரு துளியும் படக்கூடாது.

கண்ணாடிக்கு உள்ளே செங்குத்தாகவும் வெளியே கிடைமட்டமாகவும் துடைத்தால், மிஞ்சும் கோடு எந்தப் பக்கத்தில் என்று உடனே தெரியும். மடிக்கும் மேற்கூரையிலுள்ள பிளாஸ்டிக் சன்னலுக்கு அம்மோனியா கலந்த திரவம் கூடாது. நிறைய நீர் விட்டுத் தூசியைக் கழுவிய பிறகே துணி வைக்க வேண்டும். ஈரமான மேற்கூரையை ஒருபோதும் மடிக்காதீர்கள்.

உட்புறம்

இருக்கைகளையும் தரைவிரிப்பையும் வாக்குவம் கிளீனரால் சுத்தம் செய்யும்போது இருக்கைகளை முன்னும் பின்னும் தள்ளி, அடியிலுள்ள தண்டவாளங்களையும் விடாமல் பாருங்கள். நடுவரின் கண் அங்கே போகும்.

தோல் இருக்கையும் ரெக்சின் இருக்கையும் ஒன்றுபோலத் தோன்றினாலும் பராமரிப்பு வேறு. பல கார்களில் உட்காரும் பகுதி தோல், பக்கவாட்டும் பின்புறமும் ரெக்சின் என்று கலந்தே இருக்கும். தோலுக்குரிய மென்மையான கிளீனரை மிருதுவான பிரஷில் நுரைக்கச் செய்து, கைக்குட்டை அளவுப் பகுதியாக எடுத்துக்கொண்டு, உடனுக்குடன் ஈரத்துணியால் துடைத்து வாருங்கள். முதலில் மறைவான இடத்தில் சோதித்து, சாயம் இறங்குகிறதா என்று பார்ப்பது அவசியம். தோலில் விழுந்த சுருக்கங்களை அழிக்க முயல வேண்டாம். அவை அந்தக் காரில் மனிதர்கள் பயணம் செய்ததற்கான சான்று. நல்ல நடுவர்கள் அவற்றை மதிக்கிறார்கள்.

மரப் பலகை டாஷ்போர்டில் வார்னிஷ் வெடித்திருந்தால் நீர் படவே கூடாது. உலர்ந்த மிருதுவான துணியும் சிறிது மெழுகும் போதும். கடிகாரம் போன்ற மீட்டர்களைச் சுற்றியுள்ள தூசியை ஓவியம் தீட்டும் தூரிகையால் எடுங்கள். ஸ்டீயரிங், பெடல் ரப்பர்கள் ஆகியவற்றில் வழுக்கும் எந்தப் பொருளையும் பூசாதீர்கள். நீங்கள் அந்தக் காரை ஓட்டிக்கொண்டுதான் கண்காட்சிக்குப் போகப் போகிறீர்கள். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி, ஜாக்கி, கருவிப் பை ஆகியவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்து, உரிய இடத்தில் வையுங்கள்.

எஞ்சின் அறை

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றுங்கள். எது எர்த் என்பதை வயரைப் பின்தொடர்ந்து பார்த்தே முடிவு செய்யுங்கள். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். எம்ஜிபியில் 1967 வரை அப்படித்தான். கார்புரேட்டரின் காற்று வாய், டிஸ்ட்ரிபியூட்டர், காயில், டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர் ஆகியவற்றைப் பாலித்தீன் பையால் மூடி ரப்பர் வளையம் போடுங்கள்.

நீரைப் பாய்ச்ச வேண்டாம். தெளிப்பானில் நீர் கலந்த டிகிரீசரை, அதாவது எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவத்தை எடுத்து, சிறு சிறு பகுதியாகத் தெளித்து, பிரஷால் கிளறி, ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் எண்ணெய்ப் பிசுக்கை எளிதில் கரைக்கும் என்பது உண்மை. தீப்பிடிக்கும் என்பதும் அதே அளவுக்கு உண்மை. பிரேக் திரவத் தொட்டியைச் சுற்றி ஈரம் கசிந்திருந்தால் முதலில் அதைத் துடையுங்கள். வழக்கமான பிரேக் திரவம் பெயின்டை உரித்துவிடும்.

துடைக்கும்போது கண் திறந்திருக்கட்டும். தடுப்புச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதிய எண், நட்டின் மேல் தீற்றிய நிறப் புள்ளி, மங்கிய காகித ஒட்டி ஆகியவை அழுக்கு போலத் தெரியலாம். தொழிற்சாலையில் சோதித்தவர்கள் விட்டுச்சென்ற அடையாளங்களாக அவை இருக்கக்கூடும். அவற்றைச் சுற்றித் துடையுங்கள், அவற்றைத் துடைக்காதீர்கள். வேலை தொடங்கும் முன் எஞ்சின் அறையை எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துவைத்தால், பின்னர் சந்தேகம் வராது. தொழிற்சாலையில் மங்கலாக வந்த அலுமினியத்தைக் கண்ணாடி போலத் தேய்ப்பதும், ரப்பர் குழாய்களுக்கு மினுக்குத் திரவம் பூசுவதும் விவரம் தெரிந்த நடுவரிடம் மதிப்பெண்ணைக் குறைக்கவே செய்யும்.

கண்காட்சி நாள்

ஒரு சிறு பையில் டீடெய்லர் எனப்படும், தெளித்துத் தூசியைத் துடைக்கும் திரவம் ஒரு புட்டி, சுத்தமான மைக்ரோஃபைபர் துணிகள் ஆறு, கண்ணாடிக்குத் தனித் துணி, தூரிகை, மரக்குச்சிகள், டயருக்கு ஒரு பிரஷ், மண்டியிட ஒரு பாய், எண்ணெய்ச் சொட்டுக்குத் தட்டு, தீயணைப்பான் ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோஃபைபர் துணிகளைத் துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்கக்கூடாது. அது இழைகளை அடைத்துவிடும்.

போய் நின்றதும் உலர்ந்த துணியால் தூசியைத் தட்ட வேண்டாம். டீடெய்லரைத் தாராளமாகத் தெளித்து, ஒரே திசையில் துடைத்து, துணியைத் திருப்புங்கள். வழியில் முகப்பில் மோதிய பூச்சிகளை ஈரத்துணியை ஐந்து நிமிடம் போர்த்தி ஊறவைத்து எடுங்கள். டயரின் பள்ளங்களில் மாட்டிய கூழாங்கற்களை எடுத்து, சின்னங்கள் பொருத்திய சக்கரங்களில் எழுத்து நிமிர்ந்து நிற்கும்படி காரை ஓரிரு அங்குலம் முன்னோ பின்னோ நகர்த்தி நிறுத்துங்கள். பிறகு கீழே குனிந்து பாருங்கள். சைலன்சரின் முனை, பம்பரின் உள்பக்கம், பெட்ரோல் மூடியின் அடி, கதவைத் திறந்தால் தெரியும் கீல் ஆகியவை வீட்டில் நின்ற உயரத்திலிருந்து உங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்கும்.

நடுவர்கள் வரும்போது கதவு, பானெட், டிக்கி எல்லாவற்றையும் நீங்களே திறந்துவிடுங்கள். கேட்டால் விளக்குகளையும் ஹார்னையும் இயக்கிக் காட்டுங்கள். காரில் தொழிற்சாலைப் பாகம் இல்லாத இடம் எது என்று தெரிந்தால், மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திரும்பி வந்ததும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், அன்றைய தூசியின் மேல் உறையைப் போர்த்திவிட வேண்டாம். முதலில் கழுவி, பிளவுகளை ஊதி உலர்த்தி, பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிட்டு, காற்று புகும் பருத்தி உறையை அதன் பிறகு போடுங்கள்.